கடைசி வண்டியிலிருந்து: ஒரு வார இறுதி கேம்பிங் ரைடு

வெள்ளி இரவு

மூட்டை கட்டி முடித்தாச்சு. விடியுமுன் கிளம்பணும். இந்த முறை எங்கள் பைக் கிளப்பில் எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு ஸ்வீப், அதாவது கூட்டத்தின் கடைசி வண்டி. எனக்குப் பின்னால் நம்ம ஆள் ஒருத்தரும் இருக்கக்கூடாது. யார் நின்றாலும் நான் நிற்கணும், யார் மெதுவாகப் போனாலும் அவருக்குப் பின்னாலேயே போகணும். லீட், அதாவது முதல் வண்டிக்காரர், வழியைப் பார்த்துக்கொள்வார், கடைசி வண்டி ஆட்களைப் பார்த்துக்கொள்ளும். கிளப் ரைடு என்றதும் முன்னால் போகிறவரைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். என்னைக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ரோட்டில் அவரவர் பாட்டுக்குப் போகாமல் ஒரு கிளப்பாகப் போய்ச் சேர்வது கடைசி வண்டியால்தான்.

சாயங்காலம் எல்லாரும் வண்டியோடு கூடினோம். டயர், பிரேக், லைட், செயின் என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் முதன்முதலாக டென்ட்டோடு வருகிறான். பின் கேரியரின் உச்சியில் தண்ணீர் கேன், அதன்மேல் டென்ட், அதற்கும் மேலே சமையல் பாத்திரம் என்று கோபுரம்போல அடுக்கியிருந்தான். எங்கள் கிளப்பின் மூத்த அண்ணன் வண்டியை ஒருதரம் சுற்றி வந்து, சீட்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"தண்ணியை ஏன்டா தம்பி அவ்வளவு பின்னாடி ஏத்தின?"

"கேரியர் சும்மாதானே இருக்குதுண்ணா."

"சும்மா இருக்குன்னு ஏத்தக்கூடாது. கனமானது எல்லாம் கீழே, உன் இடுப்புக்குப் பக்கத்துல வரணும். பின் சக்கர அச்சைத் தாண்டி எவ்வளவு கனம் தொங்குதோ, அவ்வளவுக்கு முன் சக்கரம் லேசாகிடும். அப்புறம் வளைவுல ஹேண்டில் உன் பேச்சைக் கேக்காது."

மொத்தத்தையும் இறக்கினோம். தண்ணீரும் டூல்ஸும் இரண்டு பக்க சேடில் பேக்கின் அடியில் போனது. இரண்டு பக்கமும் கனம் சமமாக இருக்கிறதா என்று கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான். ஸ்லீப்பிங் பேக், மெத்தை மாதிரி லேசான சாமான்கள் மேலே. டென்ட் கம்பிகள் சீட்டுக்குக் குறுக்காக. கட்டிய பிறகு தொங்கும் வார் முனைகளை எல்லாம் சுருட்டிச் செருகச் சொன்னார் அண்ணன். காற்றில் அவிழ்ந்து ஆடும் ஒரு முழ வார் செயினில் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

சுமை ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை. பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, ஏற்றணும், இல்லையென்றால் வண்டி பின்னால் உட்கார்ந்து, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பின் டயரில் காற்று, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு சுமைக்குப் போட்டிருக்கும் அளவு. செயின் ஸ்லாக்கையும், அதாவது தொய்வையும், சுமையோடு இன்னொருதரம் பார்க்கணும். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. வரை ஆட்டம் இருக்கணும் என்பார்கள். ஆனால் அவரவர் வண்டிக் கையேடு சொல்வதுதான் கணக்கு. செயின் தளர்வாக இருப்பதைவிட இறுக்கமாக இருப்பது மோசம். குழியில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், பேரிங்கைத் தின்றுவிடும்.

கடைசியாக வரிசை போட்டோம். ஒரு கூட்டத்தில் ஐந்து முதல் ஏழு வண்டி வரை இருந்தால்தான் கட்டுக்குள் இருக்கும் என்பதால் இரண்டாகப் பிரிந்து போகிறோம். எங்கள் கூட்டத்தில் தம்பிக்கு லீடுக்கு அடுத்த இடம். புதியவரைக் கடைசிக்கு முன்னால் விட்டால் பாதுகாப்பு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மை நேர்மாறு. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது தூங்கணும். தூக்கம் இல்லாத ரைடரை எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது.

சனி இரவு, டென்ட்டுக்குள்

கிளம்பும்போது இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் அகலமான நல்ல ரோடு. லீட் லேனின் ஒரு பக்கம், அடுத்தவர் ஒரு வினாடி இடைவெளி விட்டு மறுபக்கம், மூன்றாமவர் லீடின் தடத்திலேயே இரண்டு வினாடி தள்ளி. கடைசியிலிருந்து பார்க்கும்போது முன்னால் போகும் எல்லா டெயில் லைட்டும் தெரியும். ஒவ்வொருவருக்கும் முன்னால் பிரேக் போட இடம், இரண்டு பக்கமும் ஒதுங்க இடம். ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போவது பார்க்க அழகுதான், ஆனால் ஒரு குழி வந்தால் ஒதுங்க இடமே கிடையாது. எங்கள் கிளப்பில் அதற்கு அனுமதி இல்லை. வளைவு வந்ததும் இந்த அமைப்பையும் கலைத்துவிட்டு ஒற்றை வரிசை, இரண்டு வினாடி இடைவெளி. வளைவில் ரோட்டின் முழு அகலமும் அவரவருக்குத் தேவைப்படும்.

இப்போது நேற்று விட்ட விஷயம். ஒரு டிராக்டர் முன்னால் போகிறது. லீட் வழி பார்த்து முந்திவிடுகிறார். அடுத்தவர் எதிர்வண்டிக்குக் காத்திருந்து முந்துகிறார். இப்படியே ஒவ்வொருவராக வரும்போது கடைசி ஆள் டிராக்டருக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்வார். அதற்குள் லீட் எங்கோ போயிருப்பார். லீட் சீராக 70-ல் போனால்கூட, விட்ட தூரத்தைப் பிடிக்க வால் பக்கம் 90-க்கு மேல் விரட்ட வேண்டிவரும். ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒவ்வொரு குறுகிய பாலத்திலும் இதே கதைதான். வரிசை ரப்பர் மாதிரி இழுபடும், இழுப்பு முழுவதும் வாலுக்கு வரும். அனுபவமில்லாதவரை அங்கே விட்டால் பதற்றத்தில் தன் சக்திக்கு மீறி ஓட்டுவார். விபத்துக்கு அதைவிட வேறு அழைப்பு வேண்டாம். அதனால்தான் தம்பி லீடுக்குப் பின்னால்.

இதற்கு மருந்து மிரர். அவரவருக்குப் பின்னால் வரும் ஹெட்லைட் அவரவர் பொறுப்பு. அது மிரரில் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறை. நீ குறைத்தால் உனக்கு முன்னால் போகிறவர் மிரரில் நீ சின்னதாகிவிடுவாய், அவரும் குறைப்பார். இன்டர்காம், போன் எதுவும் இல்லாமலே கடைசியில் நடந்த விஷயம் லீட் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

பிரதான ரோட்டை விட்டுக் கிராமத்து ரோட்டில் இறங்கி கொஞ்ச தூரம் போயிருப்போம். எனக்கு முன்னால் கிளப்பின் அக்கா ஒருவர். அவர் வண்டியின் பின்பக்கம் நேர் ரோட்டிலேயே லேசாக இடம் வலமாக அசைவது தெரிந்தது. ஹாரன் அடிக்கலாமா என்று நினைப்பதற்குள் அவரே உணர்ந்துவிட்டார். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஓரமாக உருண்டு வந்து நின்றார். பின் டயர் பாதி இறங்கியிருந்தது.

"குழியில இறங்கின மாதிரியே இருந்துச்சு. ஆனா குழி முடியவே இல்ல," என்றார் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி சக்கரத்தை மெதுவாகச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில்தான் அகப்பட்டது, டயரின் நடுப்பள்ளத்தில் தேய்ந்து பளபளத்த ஒரு ஆணித்தலை. இடுக்கியால் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனிக்கணும், ஏனென்றால் துளையைத் துருவும் ரீமரும் அதே சாய்வில்தான் போகணும். ரீமரை உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்துத் துளையைச் சொரசொரப்பாக்கினோம். பிசினில் தோய்ந்த பிளக் இழையை ஊசிக் கண்ணில் பாதிவரை கோத்து, பசை தடவி, உடம்புக் கனத்தை எல்லாம் கொடுத்து உள்ளே அழுத்தினார் அக்கா. இரண்டு வால் முனையும் ஒரு விரல்கடை வெளியே நிற்கும்போது ஊசியை வெடுக்கென்று இழுக்கணும். தயங்கி மெதுவாக இழுத்தால் இழையும் கூடவே வந்துவிடும். அவர் தயங்கவில்லை. மிச்ச நுனியை வெட்டிவிட்டு, பேட்டரியில் மாட்டிய சின்ன இன்ஃப்ளேட்டரால் காற்றை ஏற்றி, பிளக்கின்மேல் எச்சில் தொட்டு வைத்தோம். குமிழி வரவில்லை. ஆனாலும் பிளக் தற்காலிகம்தான். நிதான வேகத்தில் ஓட்டி, ஊர் திரும்பியதும் டயரைக் கழற்றி உள்பக்கமாகப் பேட்ச் போட்டாகணும்.

இதற்கெல்லாம் அரை மணி ஆகிவிட்டது. அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு முக்கூட்டு ரோடு, அங்கே எந்தப் பக்கம் திரும்பணும் என்று அக்காவுக்கும் தெரியாது.

அங்கேதான் தம்பி நின்றான். எங்கள் கிளப்பின் முறை இது: திருப்பம் வந்ததும் லீட் விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருபவர் அங்கே பாதுகாப்பாக ஒதுங்கி நின்று, பின்னால் வரும் எல்லாருக்கும் வழி காட்டணும். கடைசி வண்டி வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ளணும். அடுத்த திருப்பத்துக்கு அடுத்த ஆள். இதில் யாரும் மேப் பார்க்க வேண்டியதில்லை, யாரும் தொலைந்துபோக வழியும் இல்லை. ஒரே நிபந்தனை, நிற்கச் சொன்ன ஆள் நிற்கணும்.

எல்லாரும் கடந்து போய், தெரியாத ஊரில், ஆளில்லாத முக்கில், வெயிலில், அரை மணி நேரம் அவன் நின்றிருக்கிறான். தேடிக்கொண்டு பின்னால் வரலாமா, முன்னால் போய் மற்றவர்களிடம் சொல்லலாமா என்று எத்தனையோ தடவை மனசு அடித்திருக்கும். அவன் எந்தப் பக்கம் நகர்ந்திருந்தாலும் நாங்கள் தவறான ரோட்டில் போயிருப்போம். நாங்கள் வளைவைத் தாண்டியதும் முதலில் தெரிந்தது திருப்பத்தை நோக்கி நீட்டிய அவன் கைதான்.

"போயிடலாமான்னு தோணுச்சாடா?"

"தோணுச்சுண்ணா. ஆனா நீங்க வரலையே."

இதைவிடச் சுருக்கமாக இந்த முறையை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அங்கிருந்து மலையடிவாரம் வரை அவன் எனக்கு முன்னால். கடைசி வண்டியில் இருப்பதன் லாபம் இதுதான், ஒருவர் ஓட்டுவதை ஆற அமரப் பார்க்கலாம். நேர் ரோட்டில் அழகாகப் போகிறவன், வளைவு வந்ததும் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போனான். ஹெல்மெட்டைப் பார்த்தாலே காரணம் தெரிந்தது. அவன் பார்வை முன் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ரோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்து நின்ற இடத்தில் லீட் அண்ணன் அவனை உட்காரவைத்துப் பேசினார். கண் வளைவின் முடிவைத் தேடணும், கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். இடது பக்கம் சாயணும் என்றால் இடது ஹேண்டிலை முன்னால் தள்ளு, வலது என்றால் வலது. கேட்க நேர்மாறாகத் தோன்றும், ஆனால் வேகத்தில் போகிற இரண்டு சக்கர வண்டி அப்படித்தான் சாயும். விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் ஒருவரான வில்பர், சைக்கிள் ஓட்டுபவர்கள் தங்களுக்கே தெரியாமல் இப்படிச் செய்வதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். சைக்கிள் செய்து விற்றவர் அல்லவா. மலைமேல் ஏறும்போது தம்பியின் ஹெல்மெட் வளைவுக்கு வளைவு திரும்பத் தொடங்கியது. மேலே போய்ச் சேர்வதற்குள் ஒதுங்கிப் போவது நின்றேவிட்டது.

கடைசிக் கொஞ்ச தூரம் சரளை மண். கால் வைக்கும் பெக்கில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடித்து, ஹேண்டிலை இறுக்காமல், ஒரே சீரான ஆக்சிலேட்டரில் போகணும். முன் சக்கரம் ஆடும், ஆட விடணும். முன் பிரேக்கைப் படக்கென்று பிடிப்பவருக்குத்தான் சரளை எதிரி.

தங்குவதற்கு நிலத்துக்காரரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். ஆற்றோரத்தில் மணல் சமமாக, மெத்தென்று ஆசை காட்டியது. மூத்த அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேலே எங்கோ பெய்யும் மழை இரவில் இங்கே வெள்ளமாக வரலாம். மேட்டில், பட்ட கிளை எதுவும் தலைக்குமேல் இல்லாத இடமாகப் பார்த்தோம். வண்டிகளைக் காய்ந்த புல்லில் நிறுத்தவில்லை, சூடான சைலன்சர் புல்லைப் பற்றவைக்கப் போதும். வெறும் மண்ணில் நிறுத்தி, கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல் வைத்தோம். கல் இல்லையென்றால் இரவுப் பனியில் மண் இளகி ஸ்டாண்ட் புதைந்து, காலையில் வண்டி படுத்துக் கிடக்கும்.

டென்ட்டின் தாழ்ந்த பக்கம் காற்று வரும் திசைக்கு, வாசல் அதற்கு எதிரே. ஆணிகளைக் கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து அடித்தோம். தரைவிரிப்பு டென்ட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவுகூட நீளக்கூடாது, நீண்டால் மழைத் தண்ணீரை அதுவே பிடித்து நமக்கு அடியில் கொண்டுவந்து ஊற்றும்.

இரவு நெருப்பு மூட்டினோம். உதிர்ந்து காய்ந்த சுள்ளி மட்டும். உயிருள்ள மரத்தில் கை வைப்பதில்லை. மூத்த அண்ணன் ஜெர்மனியில் நடக்கும் யானைச் சந்திப்பு என்ற பைக்காரர்கள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் 1956-ல் தொடங்கியது. 'பச்சை யானை' என்று செல்லப்பெயர் பெற்ற சுண்டாப் கேஎஸ் 601 வண்டி வைத்திருந்தவர்கள் நடுக்குளிர்காலத்தில் கூடினார்களாம். இன்றைக்கும் பவேரியாவின் காட்டுப்பகுதியில், பனியில் டென்ட் அடித்து, வைக்கோல் விரித்துப் படுக்கிறார்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் 1962-லிருந்து டிராகன் ராலி என்று ஒன்று, அதுவும் குளிர்காலத்தில்தான். வசதியான பருவத்தை விட்டுவிட்டு ஏன் குளிரில் போகிறார்கள் என்று தம்பி கேட்டான். அந்தக் குளிரில் வருகிறவன் மற்றவனைப் பார்க்கத்தான் வருகிறான், வேறு எதற்கும் இல்லை என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நெருப்பு தணிந்ததும் வானம் திறந்துகொண்டது. கார்த்திகை மீன் கூட்டம் தலைக்குமேல். வெறுங்கண்ணுக்கு ஆறோ ஏழோதான் தெரிகிறது. உண்மையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் அங்கே இருக்கின்றன, சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில். கொஞ்சம் தள்ளிச் செம்மஞ்சளாகத் திருவாதிரை. இரண்டையும் அக்காதான் எல்லாருக்கும் காட்டினார்.

குளிர் ஏறியதும், தணலை ஒரு சட்டியில் அள்ளி டென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். அண்ணன் குரல் அப்போதுதான் முதன்முதலாக உயர்ந்தது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பவும் எழுப்பாது. குளிர் தரையிலிருந்தும் நிறைய ஏறுகிறது, போர்வையை மேலே இன்னொன்று போடுவதைவிட அடியில் விரிப்பதுதான் பலன். சொன்னபடி செய்தார். இப்போது பக்கத்து டென்ட்டிலிருந்து அவர் குறட்டை கேட்கிறது.

ஞாயிறு மாலை

காலையில் எல்லா சீட்டும் பனியில் நனைந்திருந்தது. டென்ட் துணியின் உள்பக்கமும் ஈரம், வெளிப்பனி இல்லை, நாங்கள் இரவெல்லாம் விட்ட மூச்சு. இரண்டு ஜன்னலையும் திறந்துவைத்துத் தூங்கியவர்களின் டென்ட்டில் அது குறைவு.

கிளம்புவதற்கு முன் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்தோம். சூடு துளிகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் மண்ணைத் தள்ளினோம். பிறகு எல்லாரும் ஒரே வரிசையில் கைநீட்டும் தூரத்தில் நின்று, முழு மைதானத்தையும் நடந்து பொறுக்கினோம். எங்களுடையது மட்டுமில்லை, முன்னால் வந்தவர்கள் விட்டுப்போனதும் இரண்டு பை சேர்ந்தது. அனுமதி கொடுத்த மனுஷர் அடுத்த தடவையும் வாங்க என்று சொல்ல வேண்டுமென்றால் இதுதான் வழி.

மலை இறக்கத்தில் கீழ் கியர், என்ஜின் பிரேக்கிங், அதாவது வேகத்தை என்ஜினே பிடித்துவைக்கும். பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். சமவெளிக்கு வந்ததும் பக்கக்காற்று பலமாக அடித்தது. மூட்டை கட்டிய வண்டி காற்றுக்குப் பாய்மரம். தோளைத் தளர்த்தி, காற்று வரும் பக்கம் ஒரு சாய்வு வைத்து ஓட்டினோம். லாரி ஒன்று காற்றை மறைத்துக் கடந்துபோகும் அந்த ஒரு கணம்தான் கவனம் வேண்டியது, சாய்ந்த பக்கமே வண்டி பாயப் பார்க்கும்.

திரும்பும் வழியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் கவலையான பகுதி. உடம்பு களைத்திருக்கும், வீடு கண்ணில் நிற்கும், வேகம் தானாக ஏறும். அதனால் மணிக்கொரு தரம் நிறுத்தினோம், தாகம் இருக்கிறதோ இல்லையோ எல்லாரும் தண்ணீர் குடித்தோம். அக்காவின் டயரில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காற்றைப் பார்த்தேன். அழுத்தம் இறங்கவே இல்லை.

இன்றைக்கும் ஒரு திருப்பத்தில் தம்பி நின்றான். பின்னால் வந்த இரண்டாவது கூட்டத்துக்காரர் ஒருவர், "எல்லாரும் போயிட்டாங்க, வா போலாம்" என்று அவனை அழைத்திருக்கிறார். கடைசி வண்டி இன்னும் வரலை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

டென்ட்டை மொட்டைமாடியில் விரித்துப் போட்டிருக்கிறேன், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும். செயின் சூடு ஆறுவதற்குள் அதற்கு லூப் (மசகு) அடித்தாச்சு. அடுத்த ரைடில் என்னோடு சேர்ந்து வாலில் ஓட்டிப் பழகுகிறேன் என்று தம்பி கேட்டான், லீட் அண்ணனும் சரி என்றார். பஞ்சர் கிட்டையும் இன்ஃப்ளேட்டரையும் இன்றைக்கே அவன் பைக்கு மாற்றிவிட்டேன். பிளக் இழை தீரப்போகிறது, ஒரு பாக்கெட் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.